பறித்த பதக்கம் திரும்பி வந்தது!

அமெரிக்கர்கள் "புட்பால்" என்று சொல்வது, நாம் அறிந்த கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாம். எதிர் அணியினர் அவரை மடக்கிக் கீழே தள்ளுவார்கள்.

இந்த ஆட்டத்தைப் பணத்துக்காக ஆடிய ஆரம்ப கால வீரர்களில் தலைசிறந்தவர், ஜிம் தார்ப்.

இளமையில் சோகம்

அவர் ஒரு செவ்விந்தியர். அமெரிக்காவின் பூர்வகுடி. இன்று ஓக்லஹோமா மாநிலமாக உள்ள பகுதியில் பிறந்தார். கூடவே பிறந்த இரட்டைச் சகோதரன் சிறு வயதிலேயே இறந்துபோனான். பிறகு தாயும் தந்தையும் மறைந்தார்கள்.

பென்சில்வேனியாவில் செவ்விந்தியப் பிள்ளைகளுக்காக நடந்த கார்லைல் பள்ளியில் சேர்ந்தார். அங்கேதான் புட்பால் வீரர் ஆனார். 1912-ல் கார்லைல் அணி, ராணுவக் கல்லூரி அணியை 27-6 என்று தோற்கடித்தது. தோற்ற அணியில் ஆடியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? பிற்காலத்தில் ஜனாதிபதி ஆன ஐசனோவர்!

இரண்டு தங்கம்

அதே ஆண்டு, ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. ஐந்து போட்டிகள் சேர்ந்த பந்தயத்திலும், பத்துப் போட்டிகள் சேர்ந்த பந்தயத்திலும் தார்ப் முதலிடம் பெற்றார். ஸ்வீடன் மன்னரே பரிசு கொடுத்தார்.

மறு ஆண்டே இடி விழுந்தது. 1909, 1910 கோடை விடுமுறையில், சிறு தொகை வாங்கிக்கொண்டு அவர் பேஸ்பால் ஆடியது தெரியவந்தது. பணம் வாங்கியவர்கள் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளக் கூடாது என்பது அன்றைய விதி. பதக்கங்களைப் பறித்துக்கொண்டார்கள்.

ஆட்டத்துக்கு 250 டாலர்

தார்ப் சோர்ந்துவிடவில்லை. 1915-ல் கேன்டன் புல்டாக்ஸ் அணி, ஓர் ஆட்டத்துக்கு 250 டாலர் கொடுத்து அவரைச் சேர்த்தது. அன்று அது பெரிய தொகை.

1920-ல், கேன்டன் நகரில் ஒரு கார் விற்பனைக் கடையில் பல அணியினர் கூடினார்கள். ஒரு சங்கம் அமைத்தார்கள். தார்ப்பைத் தலைவர் ஆக்கினார்கள். அந்தச் சங்கம்தான் இன்றைய தேசிய புட்பால் லீக்!

1928 வரை ஆடினார். பிறகு வறுமை. கூலிக்கு மண் வெட்டினார். சினிமாவில் சிறு வேடங்களில் நடித்தார். 1953-ல் காலமானார்.

நீதி கிடைத்தது

புகார் கொடுப்பதானால் 30 நாட்களுக்குள் கொடுக்கவேண்டும் என்பதும் அன்றைய விதி. தார்ப் மீது பல மாதங்கள் கழித்தே புகார் வந்தது. இதை எடுத்துக்காட்டி வாதாடினார்கள். 1982-ல் ஒலிம்பிக் கமிட்டி இறங்கிவந்தது. மறு ஆண்டு, அவருடைய பிள்ளைகளிடம் பதக்கங்கள் கொடுக்கப்பட்டன.

ஆனால், முதலிடத்தை இன்னொருவரோடு பங்குபோட்டே கொடுத்திருந்தார்கள். 2022-ல்தான் "தார்ப் ஒருவரே வெற்றி வீரர்" என்று அறிவித்தார்கள்.

அப்போது அவர் இறந்து 69 ஆண்டுகள் ஆகியிருந்தன.