பெற்றோராக வந்து நிற்கும் அந்தக் குழந்தைகள்

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் இரண்டாம் உலகப்போர் பாடத்தோடு யூதர்கள் கொல்லப்பட்ட வரலாறும் வருகிறது. பெரும்பாலும் ஒரே பாடவேளையில் நடத்திவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறோம். எங்கள் அடி அண்ணாமலைப் பக்கம் அது அப்படி முடிவதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அங்கிருந்து வரும் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். "மிஸ், எங்க பாட்டி சொல்றதும் இதுதானா?" என்று ஒரு மாணவி கேட்டால் என்ன சொல்வது? இந்தக் கேள்விக்கு ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வயதுக் கணக்கு. 1990 ஜூனில் இலங்கையில் மீண்டும் போர் மூண்டபோது மன்னார் கரையிலிருந்து படகேறி ராமேசுவரம் வந்தவர்கள் ஏராளம். மண்டபம் முகாமில் பதிவு செய்து, பிறகு மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். அன்று எட்டு வயதில் வந்த குழந்தைக்கு இன்று நாற்பதுக்கு மேல். அதாவது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் தாயும் தந்தையும்தான் அந்தக் குழந்தைகள். என் வயதுக்காரர்கள். நான் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்த ஆண்டில் அவர்கள் பதுங்குகுழியில் இருந்தார்கள். "எங்கட பள்ளிக்கூடத்தில மரத்துக்குக் கீழ பங்கர் வெட்டியிருந்தவை, பிளேன் சத்தம் கேட்டா டீச்சர் எங்கள உள்ளுக்குத் தள்ளிவிடுவா" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். பேச்சு மதிப்பெண் பட்டியலைப் பற்றித்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் இது வந்தது.

நடந்தவற்றைச் சுருக்கமாகவாவது நாம் அறிந்திருக்க வேண்டும். 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி எரித்தார்கள். 1995 செப்டம்பர் 22 அன்று வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் என்ற ஊரில் (நம் குமரி மாவட்ட நாகர்கோவில் அல்ல) பள்ளிக்கூடத்தின் மீது விமானப்படை குண்டு வீசியதில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. அந்தக் கடைசி மாதங்களில் நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் கூறியது.

மாணவியின் கேள்விக்கு வருவோம். 'இனப்படுகொலை' என்ற குற்றத்துக்குப் பெயர் வைத்தவர் ரபேல் லெம்கின் என்ற போலந்து நாட்டு யூத வழக்கறிஞர். 1944-இல் வெளியான நூலில் அந்தச் சொல் வந்தது. 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. அதை உடன்படிக்கையாக்கியது. இலங்கை 1950-இலும் இந்தியா 1959-இலும் அதில் இணைந்தன. அந்த உடன்படிக்கையில் எண்ணிக்கையைவிட நோக்கமே முக்கியம். ஒரு தேசிய, இன, மதக் குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்ததா என்று பார்க்கிறார்கள். ஒரு குழுவின் குழந்தைகளை வலுக்கட்டாயமாக வேறொரு குழுவிடம் ஒப்படைப்பதும் அதில் குற்றம்தான். ஈழத்தில் நடந்தது இனப்படுகொலையே என்று இலங்கை வடக்கு மாகாண சபை 2015 பிப்ரவரியில் தீர்மானம் நிறைவேற்றியது. கனடா நாடாளுமன்றம் 2022-இல் மே 18-ஐத் தமிழின அழிப்பு நினைவு நாளாக ஏற்றது. இலங்கை அரசு மறுக்கிறது. சர்வதேச நீதிமன்றம் எதுவும் இதுவரை இதில் தீர்ப்புச் சொல்லவில்லை. வகுப்பில் இத்தனையையும் சொல்லலாம். "அது சர்ச்சைக்குரியது" என்று ஒரே சொல்லில் மழுப்புவது அந்தப் பிள்ளையின் பாட்டியைப் பொய்யராக்குவது போல எனக்குப் படுகிறது.

தப்பிப் பிழைத்தவர்கள் ஏன் நீதி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், பழையதை மறந்துவிட்டுப் போகக்கூடாதா என்று ஆசிரியர் அறையிலேயே கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மிருசுவில் வழக்கைச் சொல்வேன். 2000 டிசம்பரில், விட்டுவந்த தங்கள் வீட்டைப் பார்க்கப் போன எட்டுப் பேரை ராணுவத்தினர் கொன்று புதைத்தார்கள். அதில் ஐந்து வயதுச் சிறுவனும் ஒருவன். உடன் பிடிபட்ட ஒருவர் தப்பி வந்து சொன்னதால்தான் விஷயம் வெளியே தெரிந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2015-இல், ஒரே ஒரு சிப்பாய்க்கு மரண தண்டனை விதித்தார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் அப்போதைய குடியரசுத் தலைவர் கோட்டாபய ராஜபக்ச மன்னிப்பு வழங்கி அவரை விடுவித்தார். இங்கே மன்னித்தவர் யார் என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். குழந்தையைப் பறிகொடுத்த வீட்டார் அல்லர்.

செம்மணி நமக்கு இன்னும் நெருக்கமானது. யாழ்ப்பாணத்தில் 1996 செப்டம்பரில், உயர்தரத் தேர்வு எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய கிருசாந்தி குமாரசுவாமி என்ற 18 வயது மாணவியைச் சோதனைச் சாவடியில் பிடித்துக் கொன்றார்கள். தேடிப்போன அம்மா, தம்பி, அண்டை வீட்டுக்காரர் ஆகியோரும் திரும்பவில்லை. 1998-இல் அந்த வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவரே, செம்மணியில் முந்நூறு நானூறு உடல்கள் புதைந்திருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999-இல் தோண்டி 15 உடல்களை எடுத்ததோடு நின்றது. 2025 பிப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது எலும்புகள் வெளிவந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் தொடர்ந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. குழந்தைகளுடையவையும் இருந்தன. நீல நிறப் பள்ளிப் பை ஒன்றும் பொம்மையும் கிடைத்தன. அவற்றை ஆகஸ்டில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள், யாராவது அடையாளம் சொல்வார்களா என்று.

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரி 20 முதல் தொடர் போராட்டம் நடத்தி வருகிறார்கள். இழப்பீடு தருகிறோம் என்றபோது, பிள்ளை எங்கே என்பதை முதலில் சொல்லுங்கள் என்றார்கள். நல்லிணக்கம் என்பதை நாம் கைகுலுக்கும் படமாகவே நினைத்துக்கொள்கிறோம். அவர்களுக்கு அது இந்த ஒரு கேள்விக்கான பதிலில் தொடங்குகிறது.

மன்னிப்பவர்களும் இருக்கிறார்கள். ஈவா கோர் பத்து வயதில் இரட்டைச் சகோதரி மிரியத்தோடு ஆஷ்விட்ஸ் முகாமில் மெங்கலேயின் சோதனைகளுக்கு ஆளானவர். 1995-இல் அதே இடத்துக்குப் போய், தான் மன்னித்துவிட்டதாக அறிவித்தார். பிழைத்த மற்ற பலர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் 2015-இல் ஜெர்மனியில் ஆஷ்விட்ஸ் காவலர் ஒருவர் மீது வழக்கு நடந்தபோது, அதே ஈவா சாட்சிக் கூண்டில் ஏறினார். மன்னிப்பு அவருடைய சொந்த விஷயம், சாட்சியம் எல்லோருக்குமானது. ருவாண்டாவில் 1994-இல் நூறு நாளில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்ட பிறகு, ஊர் மரத்தடி வழக்கத்தை ஒட்டிய கச்சாச்சா நீதிமன்றங்கள் 2012 வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை விசாரித்தன. தண்டனையைக் குறைத்துக்கொள்ளப் பாதி உண்மை சொன்னவர்களும் உண்டு என்று பிழைத்தவர்கள் குறைப்படுகிறார்கள். ஆனாலும் பலருக்கு உடல் கிடந்த இடமாவது தெரியவந்தது.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு மாகாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேரக் கெடுவில் வெளியேற்றினார்கள். புத்தளத்தில் தங்கி வளர்ந்த அந்தக் குழந்தைகளுக்கும் அதே நாற்பது வயதுதான். புலிகள் சிறுவர்களைப் படையில் சேர்த்ததும் ஐ.நா. அறிக்கைகளில் உள்ளது. நம்மவர் துயரத்தைச் சொல்லும்போது இதைச் சொல்லத் தயங்கினால் மாணவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வகுப்பறையில் நான் கடைப்பிடிப்பவை சில. முகாம் பிள்ளையை எழுப்பி "நீ சொல்லும்மா" என்று கேட்பதில்லை. அது அந்தப் பிள்ளை பார்த்ததல்ல, வீட்டில் பாதி கேட்டது. 'என் சொந்த ஊர்' கட்டுரைக்கு 'எனக்குப் பிடித்த இடம்' என்ற மாற்றுத் தலைப்பும் கொடுப்பேன். மாற்றுச் சான்றிதழில் தேசிய இனம் என்ற இடம் நிரப்பும்போது வரிசையில் நிற்பவர்கள் காதில் விழ உரக்கக் கேட்பதில்லை. ஒரு பிள்ளை தூக்கமின்றி, பயந்து இருந்தால் 14417 எண்ணில் ஆலோசனை கேட்கலாம். உலகப்போர் பாடம் தொடங்கும் வாரம் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புவேன், பேச விரும்பினால் வரலாம் என்று. பெரும்பாலும் யாரும் வருவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு தந்தை வந்தார். இருபது நிமிடம் பேசினார். குண்டைப் பற்றி அதிகம் இல்லை. ஊரில் அவருடைய பள்ளிக்கூடம், பக்கத்து வாங்குக் கூட்டாளி, படகில் வந்தபோது அம்மா தண்ணீரைப் பங்கிட்ட விதம். முடித்ததும் ஒரு பையன், அந்தக் கூட்டாளி இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டான். "தெரியாது தம்பி, முப்பது வருசமா விசாரிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார். பையன் தன் நோட்டில் அந்தக் கூட்டாளியின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டான்.