பில்மோர் ஜாஸ் வட்டாரம்

பில்மோர் ஜாஸ் வட்டாரம் என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகரின் பில்மோர் தெருவைச் சுற்றியுள்ள பகுதியாகும். 1940, 1950-களில் ஜாஸ் இசைக்கூடங்களுக்கும் உணவகங்களுக்கும் பெயர் பெற்ற இப்பகுதி ‘மேற்கின் ஹார்லெம்’ என அழைக்கப்பட்டது. நகரச் சீரமைப்பால் சிதைந்த இதனை மீட்கப் பின்னர் எடுக்கப்பட்ட முயற்சி ஓரளவே பலன் தந்தது.

தோற்றம்

1942-இல் இங்கு வாழ்ந்த ஜப்பானிய அமெரிக்கர்களை அரசு தடுப்பு முகாம்களுக்கு அனுப்பியது. அவ்வாறு காலியான வீடுகளில், போர்க்காலக் கப்பல் கட்டும் வேலைக்காகத் தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்கள் குடியேறினர். நகரின் பல பகுதிகளில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை.

இசையும் உணவும்

ஜிம்போ எட்வர்ட்ஸ் என்பவர் நடத்திய வாஃபிள் கடையின் பின்னறையில் 1950-இல் ‘பாப் சிட்டி’ தொடங்கியது. பிற அரங்குகளில் நிகழ்ச்சியை முடித்த கலைஞர்கள் நள்ளிரவுக்குப் பின் இங்கு கூடி, விடியும்வரை சேர்ந்து வாசித்தனர். லூயி ஆம்ஸ்ட்ராங், சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி ஆகியோர் இங்கு வந்தவர்களுள் குறிப்பிடத்தக்கோர்.

இடிப்பு

நகரின் சீரமைப்பு முகமை இப்பகுதியைச் சீர்கெட்டதாக அறிவித்து, 1950-களின் பிற்பகுதி முதல் கட்டடங்களை இடித்தது. கியரி சாலை அகலப்படுத்தப்பட்டது. 800-க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. அவர்களுக்குத் திரும்பி வர முன்னுரிமைச் சான்றிதழ் தரப்பட்டது. ஆயினும் பல மனைகள் ஆண்டுக்கணக்கில் வெற்றிடமாகவே கிடந்தன. அதற்குள் பெரும்பாலோர் வேறு ஊர்களில் நிலைபெற்றுவிட்டனர். ‘பாப் சிட்டி’ இயங்கிய மரவீடு இடிக்கப்படாமல் பில்மோர் தெருவுக்கு நகர்த்தப்பட்டது. பின்னர் அதில் கறுப்பின எழுத்துகளுக்கான ‘மார்கஸ் புக்ஸ்’ என்னும் புத்தகக்கடை 2014 வரை இயங்கியது.

மீட்பு முயற்சி

நகராட்சியின் கடனுதவியுடன் கட்டப்பட்ட 12 மாடி பில்மோர் மரபு மையம் 2007-இல் திறக்கப்பட்டது. ஜப்பானிய உணவகமும் ஜாஸ் அரங்கும் இணைந்த ‘யோஷிஸ்’, தென்மாநிலச் சமையலை வழங்கிய ‘1300 ஆன் பில்மோர்’ ஆகியவை இதில் அமைந்தன. அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடி வந்தது. பிற இசை வகைகளைச் சேர்த்தும் யோஷிஸ் கடனிலிருந்து மீளவில்லை. 2012-இல் திவால் பாதுகாப்புக் கோரி, 2014-இல் விலகியது. மற்ற உணவகம் 2017-இல் மூடப்பட்டது.

பழைய பில்மோரின் இசைக்கூடங்களைத் தாங்கியவர்கள் அதே தெருக்களில் வாழ்ந்தவர்கள். புதிய மையம் திறந்தபோது அவர்களுள் பெரும்பாலோர் அங்கு இல்லை; வெளியிலிருந்து வருவோரை நம்பியே அது இயங்க வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் பில்மோர் ஜாஸ் விழா இத்தெருவின் இசை மரபை நினைவூட்டி வருகிறது.