புதிய மருந்துகளும் பழைய கிருமிகளும்: உயிரியல் மருந்து தொடங்கும் முன் அறிய வேண்டியவை

முடக்குவாதம், முதுகெலும்பு இறுக்கவாதம், சொரியாசிஸ், குரோன் நோய் ஆகியவற்றுக்குக் கடந்த கால் நூற்றாண்டில் வந்துள்ள மருந்துகள் பலருடைய வாழ்வை மாற்றியுள்ளன. காலையில் சட்டைப் பொத்தானைக் கூடப் போட இயலாதிருந்தவர்கள் வேலைக்குத் திரும்பியுள்ளனர். ஆயினும் இம்மருந்துகளைப் பரிந்துரைக்கும்போது எங்களிடம் இரண்டு கேள்விகள் தவறாமல் வருகின்றன. "ஒப்புதல் பெற்ற மருந்துதானே, பிறகு எதற்கு இத்தனை சோதனைகள்?" என்பது ஒன்று. "தொற்று வரும் என்றால் மருந்தே எடுக்காமல் இருந்துவிடலாமா?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். அவற்றுக்கான விடையே இக்கட்டுரை.

இம்மருந்துகள் செய்வது என்ன?

நம் உடலின் எதிர்ப்பாற்றல் கிருமிகளை அழிப்பதற்காக அமைந்தது. மேற்சொன்ன நோய்களில் அது திசைமாறி, சொந்த மூட்டுகளையும் தோலையும் குடலையும் தாக்குகிறது. தாக்குதலைத் தூண்டும் குறிப்பிட்ட ஒரு புரதத்தையோ அணுவையோ மட்டும் தேர்ந்து தடுப்பவை உயிரியல் மருந்துகள். இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப், எட்டனர்செப்ட் ஆகியவை டிஎன்எஃப் என்னும் புரதத்தைத் தடுக்கின்றன. டோஃபாசிடினிப் போன்ற ஜாக் தடுப்பு மாத்திரைகள் அணுக்களுக்குள் செல்லும் கட்டளைகளைத் தடுக்கின்றன.

சிக்கல் இங்கேதான் உள்ளது. மூட்டை அரிக்கும் அதே புரதம், சில கிருமிகளைச் சிறைப்படுத்தி வைக்கவும் தேவைப்படுகிறது. காவலரை அகற்றினால் கலவரம் அடங்கலாம். சிறைக் கதவும் திறந்துகொள்ளலாம்.

ஒப்புதல் என்பதன் பொருள்

ஒரு மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது என்றால், ஆய்வில் பங்குபெற்றோரிடம் அதன் நன்மை தீமையைவிட மிகுதியாக இருந்தது என்பதே பொருள். அந்த ஆய்வுகளில் பொதுவாகச் சில நூறு முதல் சில ஆயிரம் பேர் வரையே இருப்பர். பத்தாயிரத்தில் ஒருவருக்கு நேரும் தீங்கு, ஆயிரம் பேரிடம் நடத்தும் ஆய்வில் தலைகாட்டாமலே போகலாம். மேலும், வேறு கடும் நோய்கள் உள்ளோர் பெரும்பாலும் ஆய்வில் சேர்க்கப்படுவதில்லை.

இன்ஃப்ளிக்சிமாப் இதற்குத் தக்க சான்று. அமெரிக்காவில் 1998இல் குரோன் நோய்க்கும் 1999இல் முடக்குவாதத்துக்கும் அது ஒப்புதல் பெற்றது. 2001இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் அறிக்கை வெளிவந்தது. அம்மருந்தைப் பெற்றோரில் 70 பேருக்குக் காசநோய் ஏற்பட்டதாக அது தெரிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் மூன்று அல்லது அதற்கும் குறைவான தவணைகளே பெற்றிருந்தனர். பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே பரவியிருந்தது. காசநோய் அரிதாகிவிட்ட நாடுகளிலிருந்தே இத்தகவல்களில் பெரும்பகுதி வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இதன் பின்னர் மருந்தின் மீது கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. சிகிச்சைக்கு முன் காசநோய்ச் சோதனை கட்டாயமாயிற்று. ஸ்பெயினில் இந்நடைமுறையை ஒழுங்காகப் பின்பற்றியபின் இம்மருந்து பெறுவோரிடையே காசநோய் பெருமளவு குறைந்தது. மருந்து அப்படியே இருக்க, முன்கூட்டிய சோதனை ஒன்றே இந்த மாற்றத்தை விளைவித்தது.

நம் நாட்டில் காசநோய் ஏன் முதற்கவலை?

உலகில் ஆண்டுதோறும் காசநோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். கிருமி உடலில் புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. எதிர்ப்பு அணுக்கள் அதைச் சூழ்ந்து சுவர் எழுப்பி, பல்லாண்டுகள் உறங்கவைக்கின்றன. இருமல் இராது, காய்ச்சல் இராது, பிறருக்குப் பரவவும் செய்யாது. அந்தச் சுவர் இடியாமல் காப்பதில் டிஎன்எஃப் புரதத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அதனைத் தடுக்கும்போது உறங்கும் கிருமி விழித்துக்கொள்ளலாம்.

ஆகவேதான் மருந்து தொடங்கும் முன் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறோம். மேன்டூ தோல் சோதனையோ, இக்ரா எனப்படும் இரத்தச் சோதனையோ செய்கிறோம். ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுத்துவருவோருக்கு இச்சோதனைகள் பொய்யாக 'இல்லை' என்று காட்டக்கூடும். எனவே, வீட்டிலோ பணியிடத்திலோ எவருக்கேனும் காசநோய் இருந்ததா என்று நாங்கள் கேட்கும்போது மறைக்காமல் கூறுங்கள். அந்த ஒரு விவரம் சோதனைத் தாளைவிட மதிப்புடையதாக அமையலாம்.

உறங்கும் தொற்று தெரியவந்தால் தடுப்பு மருந்து தரப்படும். ஐசோனியசிட் மாத்திரையை நாள்தோறும் ஆறு மாதம் உட்கொள்வது ஒரு முறை. ஐசோனியசிட், ரிஃபாபென்டின் இரண்டையும் வாரம் ஒருமுறையாக 12 வாரம் உட்கொள்வது மற்றொரு முறை. பொதுவாக இதைத் தொடங்கி ஒரு மாதமேனும் கழிந்தபின் உயிரியல் மருந்தைத் தொடங்குகிறோம். இக்காலத்தில் மது அருந்தலாகாது. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும்.

தொடக்கத்தில் சோதனை தெளிவாக இருந்ததென்று பின்னர் கவனக்குறைவாக இருத்தல் கூடாது. புதிய தொற்று எப்போதும் வரலாம்.

மருந்துக்கு மருந்து ஆபத்து வேறுபடும்

*ஜாக் தடுப்பு மாத்திரைகள்:* ஊசி இல்லை என்பதால் இவை எளிய மருந்துகள் என்று கருதலாகாது. காசநோய் ஆபத்து இவற்றிலும் உண்டு. அத்துடன் அக்கி வருவதும் கூடுகிறது. உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாக எரிச்சலும் கொப்புளங்களும் தோன்றினால் காவி எழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். வைரஸ் எதிர்ப்பு மாத்திரை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பயன் தரும்.

*ரிட்டுக்சிமாப்:* ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரலில் அமைதியாகத் தங்கியிருந்தால், இம்மருந்து அதைக் கடுமையாகக் கிளர்ந்தெழச் செய்யலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முன்கூட்டிய இரத்தச் சோதனையால் இதைக் கண்டறிந்து தடுக்க இயலும்.

*டோசிலிசுமாப்:* இம்மருந்து காய்ச்சலையும் இரத்தத்தின் சிஆர்பி அளவையும் அடக்கிவிடும். உள்ளே தொற்று முற்றியிருந்தாலும் உடல் சுடாமல் இருக்கலாம். இதைப் பெறுவோர் காய்ச்சல் இல்லை என்று ஆறுதல் கொள்ளாமல், காரணமற்ற சோர்வையும் வலியையும் பொருட்படுத்த வேண்டும்.

*செக்குகினுமாப்:* வாயிலும் பிறப்புறுப்பிலும் பூஞ்சைத் தொற்று வரலாம். பெரும்பாலும் எளிய மருந்துகளால் தீரும்.

தடுப்பூசிகள்

நிமோனியா, ஃபுளூ, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்கான ஊசிகளில் உயிருள்ள கிருமி இல்லை. அவற்றைப் போட்டுக்கொள்ளலாம், இயன்றால் சிகிச்சைக்கு முன்னரே போட்டுக்கொள்வது நலம். சின்னம்மை, தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல் ஆகியவற்றுக்கான உயிருள்ள தடுப்பூசிகளைச் சிகிச்சையின்போது தவிர்க்க வேண்டும்.

கருவுற்ற தாய்மார்களுக்கு ஒரு முக்கியச் செய்தி. கருக்காலத்தின் பிற்பகுதியில் இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்றவை நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைகின்றன. பிறந்து பல மாதங்கள் வரை குழந்தையின் இரத்தத்தில் தங்குகின்றன. நம் நாட்டில் பிறந்தவுடன் போடப்படும் பிசிஜி, உயிருள்ள கிருமியால் ஆனது. கருக்காலம் முழுவதும் இன்ஃப்ளிக்சிமாப் பெற்ற ஒரு தாயின் குழந்தை, மூன்றாம் மாதத்தில் பிசிஜி போட்டபின் அக்கிருமி உடலெங்கும் பரவி இறந்தது, 2010இல் மருத்துவ இதழொன்றில் பதிவாகியுள்ளது. எனவே இத்தகைய குழந்தைகளுக்குப் பிசிஜியைக் குறைந்தது ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டும். பிரசவம் வேறு ஊரில் நிகழ்ந்தாலும் அங்குள்ள மருத்துவரிடமும் செவிலியரிடமும் இதை எழுத்தில் காட்டுங்கள். தாய் தாமாகவே மருந்தை நிறுத்துவதும் ஆபத்தே. எங்களோடு பேசித் திட்டமிடுங்கள்.

அப்படியானால் மருந்தே வேண்டாமா?

நூற்றுக்கும் மேற்பட்ட முடக்குவாத ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை ஒன்று 2015இல் லான்செட் இதழில் வெளிவந்தது. வழக்கமான மருந்துகளோடு ஒப்பிட, இயல்பான அளவில் உயிரியல் மருந்து பெறுவோரில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 6 பேர் கூடுதலாகக் கடுந்தொற்றுக்கு ஆளாகின்றனர் என அது கணக்கிட்டது. இரண்டு உயிரியல் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது அவ்வெண்ணிக்கை 55 ஆயிற்று. அதனால்தான் இரண்டை நாங்கள் சேர்த்துத் தருவதில்லை.

மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அடங்காத முடக்குவாதம் மூட்டுகளை மீளாதபடி சிதைக்கிறது. அந்நோயே தொற்றுக்கான வாய்ப்பையும் கூட்டுகிறது. வலிதாங்காமல் கடையில் வாங்கி நீண்டநாள் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் தொற்றை வரவழைப்பவையே. அவற்றை எடுத்துவருவோர் திடீரென நிறுத்தவும் கூடாது. எங்களிடம் சொல்லுங்கள், படிப்படியாகக் குறைப்போம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தோன்றினாலும் அடுத்த தவணையைப் போடாமல் அன்றே எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்:

• காய்ச்சல், குளிர்நடுக்கம், மூச்சுத்திணறல்
• இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், எடை குறைதல், இரவில் வியர்த்தல்
• கழுத்திலோ அக்குளிலோ கட்டி
• சிறுநீர் எரிச்சல், ஆறாத புண், சீழ், தோலில் கொப்புளங்கள்
• வீட்டில் எவருக்கேனும் அம்மையோ காசநோயோ கண்டால்

பாலைக் காய்ச்சியே அருந்துங்கள். முட்டையும் இறைச்சியும் நன்கு வெந்திருக்கட்டும். வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பல் பிடுங்குவதானாலும் அறுவை சிகிச்சையானாலும் முன்னரே இம்மருந்தைப் பற்றிக் கூறுங்கள். மருந்தின் பெயர், தொடங்கிய நாள், கடைசித் தவணை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்திருங்கள். நள்ளிரவில் வேறொரு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், அங்குள்ள மருத்துவர் முதலில் அறியவேண்டியது அதுவே.

மருந்தால் தீங்கு நேர்ந்ததெனக் கருதினால் எங்களிடம் கூறுவதோடு, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்னும் கட்டணமில்லா எண்ணிலும் நீங்களே பதிவு செய்யலாம். 2001இல் அந்த 70 பேரின் விவரங்கள் வெளிவந்தது இவ்வாறு ஒவ்வொன்றாகப் பதிவானதால்தான். இன்று உங்களுக்குச் செய்யப்படும் சோதனைகள் அதன் பயனே.