பிரெஞ்சு மொழியில் அணியும் மணியும்: சொல்லின் எல்லையை அறிதல்

அயல்மொழி பயில்வோர் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என இணைத்து மனனம் செய்வது வழக்கம். கதவு, நாற்காலி போன்றவற்றுக்கு இம்முறை ஓரளவு உதவும். அணிகலன்களையும் மணிகளையும் குறிக்கும் சொற்களிலோ அது நம்மைப் பிழைக்கு இட்டுச் செல்லக்கூடும். அப்பிழை மொழிபெயர்ப்போடு நில்லாது விற்பனைச் சீட்டிலும் ஏறிவிட்டால், வாங்குவோர் ஒரு கல்லின் பெயரை நம்பி வேறொரு கல்லைப் பெற நேரும். ஆதலின், பிரெஞ்சு மொழியின் இச்சொற்களை ஆக்கம், எல்லை, உறவு என்னும் மூன்று நிலைகளில் நோக்குவோம்.

முதலாவது, சொல்லின் ஆக்கம். கழுத்தைக் குறிக்கும் 'கொல்' என்பதிலிருந்து 'கொலியே' என்னும் கழுத்தணியும், கையைக் குறிக்கும் 'பிரா' என்பதிலிருந்து 'பிராஸ்லே' என்னும் கையணியும் பிறந்தன. அணிகலனுக்குப் பொதுப்பெயராகிய 'பிஜூ'வும் இவ்வாறே வந்தது. பிரெத்தோன் மொழியில் 'பிஸ்' என்பது விரல். 'பிஸூ' என்பது மோதிரம். உறுப்பின் பெயரால் அணியைச் சுட்டும் இம்முறை, காதணி, கழுத்தணி என வழங்கும் நமக்குப் புதிதன்று. மோதிரத்துள்ளும் வகையுண்டு. பொதுவாக 'பாக்', திருமண மோதிரம் 'அலியான்ஸ்', முத்திரை மோதிரம் 'ஷெவாலியேர்'. இறுதியாகக் கூறியதற்குக் 'கணையாழி' என்னும் நம் பழஞ்சொல் நன்கு பொருந்தும்.

இரண்டாவது, சொல்லின் எல்லை. நாம் நகைத்தொழில் என ஒன்றாகக் கூறுவதைப் பிரெஞ்சு மொழி இரண்டாகப் பகுக்கிறது. உலோக வேலைப்பாடு தலைமை பெறுவது 'பிஜூத்ரி'. மணிகள் தலைமை பெற, உலோகம் அவற்றைத் தாங்கி நிற்பது 'ஜொவாய்ரி'. மணிகளின் பகுப்பும் வேறு. நாம் நவமணி என ஒன்பதைப் போற்றுகிறோம். முத்தும் பவளமும் அவற்றுள் அடங்கும். பிரெஞ்சு மரபில் 'பியேர் பிரெஸியூஸ்' எனப்படும் உயர்மணிகள் நான்கே: தியமான் என்னும் வைரம், ரூபி என்னும் மாணிக்கம், சஃபீர் என்னும் நீலம், எமரோத் என்னும் மரகதம். இவற்றுள் முதல் மூன்றும் ஆண்பாற் சொற்கள். எமரோத் மட்டும் பெண்பால். செவ்வந்திக்கல், புட்பராகம் முதலிய ஏனைய பல கற்கள் 'பியேர் ஃபீன்' எனப்படும். அவற்றை 'அரை உயர்மணி' என்னும் பெயரால் விற்பதைப் பிரான்சில் 2002ஆம் ஆண்டின் அரசாணை தடை செய்தது. சொல் விலையை மயக்கும் என்பதை அரசே உணர்ந்தமைக்கு இது சான்றாகும்.

மூன்றாவது, சொல்லின் உறவு. எமரோத், மரகதம் ஆகிய இரண்டும் ஒரே சொற்குடியைச் சேர்ந்தவை, பொருளும் ஒன்றே. இதனைக் கண்டு மகிழும் மாணவர், 'பெரில்' என்னும் சொல்லிடத்தே இடறுவர். 'வேளுரிய' என்னும் பாலிச் சொல்லோடு தொடர்புடைய வடிவம் கிரேக்கம், இலத்தீன் வழியாகப் பிரெஞ்சு மொழியை அடைந்து 'பெரில்' ஆயிற்று. நம் வைடூரியமும் அக்குடியினதே. அதன் மூலம் திராவிடமே எனக் கருதும் அறிஞரும் உளர். கொங்குநாட்டுப் படியூரில் 19ஆம் நூற்றாண்டில் பெரில் தோண்டியெடுக்கப்பட்டது என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது.

ஆயினும் இன்று நம் நகைக்கடைகளில் வைடூரியம் எனப்படுவது பெரில் அன்று. ஒளிக்கோடு ஓடும் வேறொரு கனிமம். பெரில் இனத்தைச் சேர்ந்தது மரகதமே. எனவே 'பெரில்' என்பதை வைடூரியம் எனப் பெயர்ப்பவர், சொல்வரலாற்றில் சரியாக இருந்தும் பொருளில் தவறுவர். வைடூரியத்திற்குப் பிரெஞ்சுப் பெயர் 'ஏய் த ஷா'. அதன் நேர்ப்பொருள் 'பூனைக்கண்'. நாமும் அக்கல்லைப் பூனைக்கண் என்கிறோம் அல்லவா? ஒலியில் உறவில்லாத சொல்லே ஈண்டுப் பொருளில் ஒன்றுபடுகிறது.

இதேபோல் 'ரூபி பலே' என்பதன் பெயரில் ரூபி இருப்பினும், அது மாணிக்கமன்று. ஸ்பினெல் என்னும் வேறு கல். பிரெஞ்சு அரச அணிகலன்களுள் ஒன்றாகிய 'கோத் த பிரெத்தாஞ்' என்னும் புகழ்பெற்ற செம்மணியும் ஸ்பினெலே.

ஆகவே மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே. ஒவ்வொரு சொல்லையும் எழுதுங்கால், அதற்கு இணையான தமிழ்ச்சொல்லை மட்டும் குறித்தல் போதாது. அக்கல் எந்த இனத்தது, எவ்வகுப்பில் அடங்கும், எதனின்று வேறுபடும் என்பவற்றையும் உடன் குறித்துக்கொள்க. கல்லை அறிந்தபின் சொல்லை இணைத்தலே பிழையற்ற நெறியாகும்.