குவான்சோவில் ஒரு சிவன் கோயிலைத் தேடி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். இது சாமான் வாங்க நம்ம ஊர் வியாபாரிகள் போற குவாங்சோ இல்லை. அது குவாங்டாங் மாகாணம். நான் போனது ஃபூஜியன் மாகாணத்தில் இருக்கும் குவான்சோ. சீனர்கள் வாயில் கிட்டத்தட்ட 'ச்சுவான்-ஜோ' என்று வரும். ஷியாமென்னிலிருந்து வேக ரயிலில் அரைமணி, முக்கால் மணி நேரம்தான்.

ஏன் போனேன்? உங்களுக்கும் அந்த ஃபார்வர்டு வந்திருக்கும். "சீனாவில் சோழர் கட்டிய சிவன் கோயில்! குப்ளாய்கானே உத்தரவு போட்டான்!" வருஷத்துக்கு நாலு தடவையாவது வருது. சரி, நேரில் பார்த்துடலாம்னு ஒரு முதுகுப் பையோட கிளம்பிட்டேன். அஞ்சு நாள். கூட யாரும் இல்லை, அவசரமும் இல்லை.

முடிவை இப்பவே சொல்லிடறேன்: கோயில் இல்லை. ஆனால் கோயில் இருந்தது நிச்சயம்.

தங்கின இடம் மேற்குத் தெருவில் ஒரு சின்ன விடுதி. ஜன்னலைத் திறந்தால் கையுவான் கோயிலின் இரட்டைக் கற்கோபுரங்களில் ஒன்று தெரியும். காலையில் கீழே இறங்கினால் ஒரு பாட்டி 'மியன் சியன் ஹூ' விற்பார். முடி மாதிரி மெல்லிய சேமியாவைக் குழையவிட்டுக் கஞ்சி பதத்தில் தருவார்கள். சிப்பி, ஈரல், வறுத்த மாவுக்குச்சி, எது வேணுமோ மேலே போட்டுக்கலாம். எனக்கு மொழி தெரியாது, பாட்டிக்கோ மாண்டரினே அரைகுறை. ஊர் பேச்சு மின்னான், அதாவது சிங்கப்பூர், பினாங்குல ஹொக்கியன்னு சொல்றாங்களே, அதுதான். அவர் கையைக் காட்ட, நான் தலையை ஆட்ட, தினமும் வேற ஏதாவது ஒண்ணு கிடைக்கும்.

இந்த ஊருக்கு ஒரு பழைய பெயர் உண்டு. மார்க்கோ போலோவும் இப்னு பதூதாவும் இதை 'ஸைத்தூன்' என்ற மாதிரிதான் எழுதினார்கள். ஊரைச் சுற்றி நட்டிருந்த 'சிதோங்' மரத்திலிருந்து வந்த பெயர் அது. என்ன மரம்னு ஃபோனில் தேடிப் பார்த்தேன். சிரிப்பு வந்துடுச்சு. நம்ம கல்யாண முருங்கை! முள்ளு முருங்கைன்னும் சொல்வோம். சளி பிடிச்சா பாட்டிமார் அரிசியோட அரைச்சு அடை தட்டித் தருவாங்களே, அதே மரம். இன்றைக்கும் அதன் சிவப்புப் பூதான் குவான்சோவின் நகரப் பூ.

இனி கல்வெட்டுக்கு வருவோம். 1956-ல் இந்த ஊரில் கிடைத்த கல். தமிழில் சில வரிகள், கடைசியில் சீன எழுத்து ஒரு வரி. சக ஆண்டு 1203, சித்திரை மாதம் சித்திரை நட்சத்திரம். சக ஆண்டோடு 78 கூட்டினால் கி.பி. 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர், அவருக்குத் தவச்சக்கரவர்த்தி என்றும் பெயர், திருக்கதலீச்சுரமுடைய நாயனாரை எழுந்தருளச் செய்கிறார். கானின் உடல் நலத்துக்காக, கானின் 'பர்மான்' படி. பர்மான் பாரசீகச் சொல். மங்கோலிய ஆட்சியில், சீன மண்ணில், சைவர் ஒருவர் தமிழில் வெட்டிய கல்லில் பாரசீகச் சொல்! அந்தத் துறைமுகம் எப்படி இருந்திருக்கும்னு இந்த ஒரு வார்த்தையே சொல்லிடுது. கல்லில் கானின் பெயர் வேறு மாதிரி இருந்தாலும், அது குப்ளாய்தான் என்பது பொதுவான முடிவு.

ஃபார்வர்டு தப்பு பண்றது 'சோழர்' என்ற சொல்லில். கடைசிச் சோழன் மூன்றாம் ராஜேந்திரனின் காலம் 1279-ஓடு முடிஞ்சுடுது. 1281-ல் தமிழ்நாட்டில் கொடி பறந்தது பாண்டியன் மாறவர்மன் குலசேகரனுக்கு. அதே 1279-ல்தான் சோங் வம்சத்தின் கடைசி எதிர்ப்பும் அழிந்து சீனா முழுவதும் குப்ளாய் கைக்கு வந்தது. வந்த கையோடு கடல் வணிகத்தைப் பெருக்க கொல்லம் வரைக்கும் தூது அனுப்புகிறான். இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் கல்வெட்டு அதிசயமாகவே தெரியாது. புது ராஜாவுக்கு வியாபாரி வேண்டும், வியாபாரிக்கு ராஜாவின் தயவு வேண்டும். ஆக, கோயிலைக் கட்டியது அரசன் இல்லை. சோழனும் இல்லை, பாண்டியனும் இல்லை. இங்கே வந்து தங்கிய தமிழ்ச் சமூகம்.

கையுவான் ஒரு புத்தர் கோயில், 686-ல் தொடங்கியது. பெரிய மண்டபத்துக்குப் பின்பக்கம் போனால், மற்ற தூண்களோடு சேராமல் பதினாறு பட்டை கொண்ட இரண்டு தூண்கள் நிற்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தேன். இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர். யானையைக் காக்க வரும் பெருமாள். கோபியரின் சேலையோடு மரத்தில் கண்ணன். யாரும் விளக்கத் தேவையில்லை, நம்ம ஊர்க் கோயில் தூணில் பார்த்த அதே கதைகள். ஆனால் கல் இந்த வட்டாரத்துக் கல், உளி சீனத் தச்சருடையது. ஓரத்துப் பூ வேலையிலும் முகங்களிலும் அது தெரியுது. கதையைச் சொன்னவர் தமிழர், கேட்டுச் செதுக்கினவர் சீனர்னு வச்சுக்கலாம்.

ஒரு சந்தேகம் மட்டும் போகலை. கல்வெட்டு சொல்வது சிவன் கோயிலை. தூணில் இருப்பதோ பெரும்பாலும் திருமால் கதை. ஒரே கோயிலா, இரண்டா? என் ஊகம் ஒன்றுக்கு மேல் இருந்திருக்கும் என்பது. ஊகம்தான், சண்டைக்கு வராதீங்க.

அந்த வளாகத்திலேயே 1974-ல் கடற்சேற்றிலிருந்து எடுத்த சோங் காலக் கப்பலின் அடிப்பகுதியையும் வைத்திருக்கிறார்கள். எஞ்சியதே 24 மீட்டர் நீளம். உள்ளே வாசனைக் கட்டைகளும் மிளகும் கிடைத்தன. மிளகுன்னதும் "நம்ம மிளகு"ன்னு எழுதக் கை துடிக்குது. ஆனால் மிளகு ஜாவாவிலும் விளைஞ்சது, கப்பலும் தென்கிழக்காசியாவிலிருந்து திரும்பியது என்பதே பலர் கருத்து. கையை அடக்கிக்கிட்டேன்.

அப்போ கோயில் என்ன ஆச்சு? யுவான் ஆட்சியின் கடைசியில், 1357 முதல் 1366 வரை, இங்கே பெரும் கலகம் நடந்தது. தொடங்கியது ஊரில் இருந்த பாரசீகப் படையினர். முடிந்தது வெளிநாட்டவர்களின் படுகொலையில். கோயில், மசூதி, கல்லறை எல்லாம் இடிபட்டன. இடிந்த கற்கள் நகரச் சுவரிலும் மற்றக் கட்டடங்களிலும் போய்ச் சேர்ந்தன. கையுவானின் தூண்களும் மிங் காலப் பழுதுபார்ப்பில் இப்படி வந்து சேர்ந்தவைதான்.

இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சுவரை இடிக்கிறார்கள், கற்கள் வெளியே வருகின்றன. கட்டடத்துக்கும் படிக்கட்டுக்கும் போய்க்கொண்டிருந்த அவற்றை ஒருத்தர் மெனக்கெட்டுச் சேர்த்தார். வூ வென்லியாங், பள்ளி ஆசிரியர், படித்தது உயிரியல். அரபு, சிரியாக், தமிழ் என்று தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளை எல்லாம் சேர்த்தவர். 1957-ல் புத்தகமாகவும் போட்டார். இன்றைக்கு நாம் இதைப் பேசுறோம்னா முதல் நன்றி அவருக்கு. ஃபார்வர்டில் அவர் பெயர் இருக்காது.

மூன்றாம் நாள் கடல்சார் அருங்காட்சியகம். வரிசையாகக் கோயில் கற்கள். யானை லிங்கத்தைப் பூஜிக்கும் சிற்பத்தைப் பார்த்ததும் திருவானைக்கா ஞாபகம் வராமல் போகாது. கல்வெட்டைத் தேடினேன். கண்ணில் படவில்லை. ஃபோன் மொழிபெயர்ப்பை வைத்து ஒரு பெண் ஊழியரிடம் கேட்டேன். பொறுமையாகப் படித்துவிட்டு அவர் தட்டிக் காட்டிய பதில்: "ஷியாமென் பல்கலைக்கழகம், மானுடவியல் அருங்காட்சியகம்." அடப்பாவமே! எந்த ஊரில் ரயில் ஏறினேனோ அந்த ஊரிலேயே இருந்திருக்கு. வீட்டிலேயே படிச்சுட்டு வராதது என் தப்பு.

அன்றைக்கு மனசு சரியில்லாமல் ஷுன்பு என்ற மீனவர் குடியிருப்புக்குப் போனேன். சிப்பி ஓட்டைப் பதித்துக் கட்டிய சுவர்கள். பெண்கள் கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைக்கிறார்கள், மீன் விற்கும் கிழவி உட்பட. சந்தையில் ஒரு அம்மா என்னை உட்கார வைத்து எனக்கும் வைத்துவிட்டார். காசு கொடுத்துத்தான், சுற்றுலாக்காரர்களுக்கு அது ஒரு வாடிக்கை. ஆனாலும் தலையில் பூவோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தப்போ, ஒரு நிமிஷம் எந்த ஊர்ல இருக்கேன்னு புரியலை.

நாலாம் நாள் ஆற்றைத் தாண்டி சிதியன் போனேன். ஒரு சின்னத் தெருக்கோயில், உள்ளே நாலு கையோடு உட்கார்ந்திருக்கும் கற்சிலை. அம்மன் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது குவான்யின், கருணைத் தெய்வம். ஒரு மூதாட்டி ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் மூன்று வத்தி கொடுத்தார். இது எங்க ஊர் சாமின்னு சொல்லலாமா என்று ஃபோனை எடுத்தேன். எடுத்துட்டு உள்ளே வச்சுட்டேன். நம்மவங்க விட்டுட்டுப் போய் அறுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, விளக்கேத்தறது அவங்கதானே.

அஞ்சாம் நாள் ஷியாமென் திரும்பினேன். பல்கலைக்கழக வளாகத்துக்குள் போக முன்கூட்டியே பதிவு செய்யணுமாம். நான் செய்யலை, ராத்திரி விமானம். நீங்க போறதா இருந்தா முதலில் அந்தப் பதிவைப் பண்ணுங்க, கல்லைப் பாருங்க, அப்புறம் ரயில் ஏறுங்க. படம் எடுத்தா எனக்கும் ஒண்ணு அனுப்புங்க.