படுத்திருப்பவரின் உயரத்தை அளப்பது எப்படி? வென்டிலேட்டருக்கு அது ஏன் தேவை?

திண்டிவனம் வழியாகச் செல்லும் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு விபத்து என்று வைத்துக்கொள்வோம். நினைவிழந்தவரை 108 ஆம்புலன்ஸ் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறது. வென்டிலேட்டர் பொருத்த வேண்டும். அப்போது டாக்டருக்குத் தெரிய வேண்டிய ஒன்று: ஆள் எவ்வளவு உயரம்?

எடை இல்லையா, உயரமா?

ஆமாம். உடம்பு பெருத்தால் எடை கூடும், நுரையீரல் பெரிதாகாது. அதன் அளவு உயரத்தைப் பொறுத்தது. அதனால் உயரத்திலிருந்தே ஒரு எடையைக் கணக்கிடுகிறார்கள். ஆண்களுக்கு, உயரத்தில் (செ.மீ.) 152.4-ஐக் கழித்து, 0.91-ஆல் பெருக்கி, 50-ஐக் கூட்ட வேண்டும். பெண்களுக்கு 50-க்குப் பதில் 45.5. அந்த எடையில் கிலோவுக்கு சுமார் 6 மி.லி. காற்று என்பது பாதிக்கப்பட்ட நுரையீரலுக்கான அளவு.

160 செ.மீ. ஆணுக்கு ஒரு மூச்சுக்கு சுமார் 340 மி.லி. அவரையே 170 என்று குத்துமதிப்பாகப் போட்டால் 395 மி.லி. ஆகிவிடும். ஒவ்வொரு மூச்சிலும் 55 மி.லி. அதிகம்!

அதனால் என்ன ஆகும்?

நுரையீரல் அளவுக்கு மீறி விரிந்து காயப்படலாம். 2000-ல் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு வெளியானது. 12 மி.லி. கணக்கில் காற்று பெற்றவர்களில் 39.8% பேர் இறந்தனர், 6 மி.லி. பிரிவில் 31%.

நிற்க முடியாதவரை எப்படி அளப்பது?

* கை வீச்சு: கைகளை விரித்தால் நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரையுள்ள நீளம் ஏறக்குறைய உயரத்துக்குச் சமம்.
* முன்கை: முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை அளந்து, அட்டவணையில் உயரத்தைப் பார்க்கலாம்.
* முழங்கால் உயரம்: காலை 90 டிகிரி மடக்கி, குதிகாலிலிருந்து முழங்காலுக்கு மேற்பகுதி வரை அளக்க வேண்டும். முதியவர்களுக்கு இது கைகொடுக்கும். வயதானால் முதுகெலும்பு குறுகும், கால் எலும்பின் நீளம் குறையாது.

கணக்கு சரியா வருமா?

70 வயது ஆண், முழங்கால் உயரம் 50 செ.மீ. என்றால், 1985-ல் வந்த சம்லியா சூத்திரப்படி உயரம் சுமார் 162 செ.மீ. ஆனால் அது அமெரிக்க முதியவர்களை அளந்து உருவானது. கை, கால் நீள விகிதம் எல்லா மக்களுக்கும் ஒன்றல்ல. சில செ.மீ. முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட டேப் நம்பகமானது.

ஆதார் அட்டையில் உயரம் இருக்காது. அதனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா, அம்மாவைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்து, போனில் குறித்து வையுங்கள். ரெண்டு நிமிஷ வேலைதான்.