கொடிக்கு எத்தனை மீட்டர்?

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. கோல்ஃப் ஆட்டத்தின் தாயகம் என்று அதைச் சொல்வார்கள். அங்குள்ள ‘ஓல்டு கோர்ஸ்’ ஆடுகளத்தின் 17-ஆவது குழி உலகப் புகழ் பெற்றது. தொடக்க மேடையில் நிற்கும் ஆட்டக்காரருக்குக் குழி தெரியாது. பழைய ரயில்வே கொட்டகைகளைப் போலக் கட்டப்பட்ட கட்டடம் எதிரே மறைத்து நிற்கும். அதன் மூலைக்கு மேலாகப் பந்தை அடித்து, கண்ணுக்குத் தெரியாத புல்வெளியில் விழச் செய்ய வேண்டும். குழி இருப்பதோ ஏறத்தாழ 450 மீட்டர் தொலைவில். அதன் அருகே முன்புறம் ஆழமான மணற்பள்ளம். பின்புறம் ஒரு சாலை. சாலையை அடுத்து ஒரு கற்சுவர். சாலையில் விழுந்த பந்தையும் கிடந்த இடத்திலிருந்தே அடித்தாக வேண்டும் என்பது அங்கு வழக்கம்!

ஆட்டக்காரர் தம் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு மட்டைக்கும் அடுத்த மட்டைக்கும் பந்து செல்லும் தூரத்தில் சுமார் 10 மீட்டர் வேறுபாடு இருக்கும். ஆகவே தூரத்தைத் தவறாகக் கணித்தால் மட்டையும் தவறிவிடும். முன்பெல்லாம் காலடியால் அளந்து குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள். இன்று அந்த வேலைக்கு இரண்டு கருவிகள் வந்துள்ளன. ஒன்று லேசர் தூரமானி, மற்றொன்று ஜி.பி.எஸ். கருவி. இவற்றில் எதை வாங்குவது?

விடை காண, இவை எப்படி அளக்கின்றன என்று பார்ப்போம். இரண்டுமே உண்மையில் கடிகாரங்கள்தாம்.

லேசர் தூரமானி சிறிய தொலைநோக்கி போன்றது. கண்ணில் வைத்துக் கொடியைக் குறிபார்த்துப் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளித் துடிப்புகள் புறப்படுகின்றன. கொடியில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு கருவிக்கே திரும்பி வருகிறது. போய் வந்த நேரத்தைக் கருவி அளக்கிறது. ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். கொடி 150 மீட்டரில் இருந்தால் போகவர 300 மீட்டர். அதற்கு ஆகும் நேரம் வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். தூரத்தில் பிழை ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டுமானால், நேரத்தில் பிழை வினாடியின் நூறு கோடியில் ஏழு பங்குக்கு மேல் போகக் கூடாது. கையில் அடங்கும் கருவி இதைச் செய்துவிடுகிறது. அதன் கடிகாரம் வேறு எந்தக் கடிகாரத்தோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை. அந்தக் கணப்பொழுதுக்குச் சரியாக ஓடினால் போதும்.

ஜி.பி.எஸ். கருவி எதையும் அனுப்புவதில்லை, கேட்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்கள், தங்கள் அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தையும் தங்கள் இருப்பிடத்தையும் ரேடியோ அலைகளில் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. அலை வந்து சேரத் தாமதமான நேரத்தைக் கொண்டு ஒவ்வொரு கோளும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கருவி கணக்கிடுகிறது. மூன்று கோள்கள் போதுமே என்று தோன்றும். ஆனால் நம் கையிலுள்ள கருவியின் மலிவான கடிகாரம் அணுக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. அந்தப் பிழையையும் கண்டறிய நான்காவது கோள் தேவைப்படுகிறது.

இப்படிக் கிடைப்பது நாம் நிற்கும் இடம் மட்டுமே. கொடி எங்கே என்று செயற்கைக்கோளுக்குத் தெரியாது! கருவியின் நினைவகத்தில் ஆடுகளத்தின் வரைபடம் பதிந்திருக்கிறது. குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரையின் முன் ஓரம், நடு, பின் ஓரம் ஆகியவற்றுக்கு உள்ள தூரத்தை அந்தப் படத்திலிருந்து கணக்கிட்டுச் சொல்கிறது. வானம் திறந்திருந்தால் இருப்பிடப் பிழை சுமார் 5 மீட்டருக்குள் அடங்கும். (2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சைகையை வேண்டுமென்றே மங்கச் செய்திருந்தது. அப்போது பிழை 100 மீட்டர் வரை போகும். கோல்ஃபுக்கு அது எதற்கு உதவும்?) ஆனால் இதைவிடப் பெரிய பிழை வேறிடத்தில் இருக்கிறது. குழியின் இடத்தை ஆடுகளத்தார் அடிக்கடி மாற்றுவார்கள். 30 மீட்டர் நீளமுள்ள புல்தரையில் இன்றைக்குக் குழி பின் ஓரத்தில் இருந்தால், ‘நடு’ என்று கருவி காட்டும் எண் ஏறக்குறைய 15 மீட்டர் குறைவாக இருக்கும்.

அப்படியானால் லேசரே சிறந்ததா? 17-ஆவது குழிக்கே திரும்புவோம். தொடக்க மேடையில் லேசரால் கட்டடத்தின் தூரத்தைத்தான் அளக்க முடியும். ஒளி மூலை திரும்பாது. அங்கே ஜி.பி.எஸ்.தான் கை கொடுக்கும். அடுத்த அடிக்குப் போனால் கொடி கண்ணில் படும். இப்போது லேசரின் முறை. ஆனால் கை ஒரு டிகிரி அசைந்தால் 150 மீட்டரில் ஒளிக்கற்றை 2.6 மீட்டர் விலகிவிடும். கொடியைத் தவறவிட்ட கற்றை பின்னாலுள்ள கற்சுவரில் பட்டுத் திரும்பும். கருவி சுவரின் தூரத்தைச் சிறிதும் தயங்காமல் காட்டும். அதை நம்பி அடித்தவர் பந்தைச் சாலையில் தேட வேண்டியதுதான். இதற்காகவே, பல எதிரொளிகள் வந்தால் மிக அருகிலிருந்து வந்ததை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு பல கருவிகளில் உண்டு. சில ஆடுகளங்களில் கொடிக்கம்பத்தில் சிறு பட்டகங்களைப் பொருத்தியிருப்பார்கள். ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் இதே வகைப் பட்டகங்களைத்தான் 1969-இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்தார்கள்.

மேடுபள்ளம் பற்றி ஒரு சொல். கொடி 150 மீட்டர் தொலைவில், 10 மீட்டர் மேட்டில் இருந்தால் லேசர் காட்டும் சாய்தூரம் 150.33 மீட்டர். பைதாகரஸ் தேற்றத்தால் நீங்களே சரிபார்க்கலாம். வேறுபாடு 33 சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிடக் கூடாது. பந்து 45 டிகிரி சாய்வில் இறங்குவதாகக் கொண்டால், சமதளத்தில் 160 மீட்டர் போகும் அடியே மேட்டிலுள்ள கொடியை எட்டும். சாய்கோணத்தையும் அளந்து இந்தத் திருத்தத்தைச் சொல்லும் லேசர் கருவிகள் இருக்கின்றன. 2019-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் தூரத்தை அளக்க அனுமதிக்கின்றன. போட்டி நடத்துவோர் விரும்பினால் தடுக்கலாம். ஆனால் உயர வேறுபாட்டை அளக்க அனுமதி இல்லை. 2021-இல் கியாவா தீவில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் கருவிகளை அனுமதித்தபோதும் இந்தத் தடை நீங்கவில்லை.

தூரம் 5 மீட்டர் மாறினாலும் பந்தை அதற்கேற்ப மாற்றி அடிக்கத் தெரிந்தவருக்கு லேசர் பயன்படும். ஆட்டம் கற்றுக்கொள்பவரின் அடியே 20 மீட்டர் முன்பின் ஆகும். அவருக்கு ஒரு மீட்டர்த் துல்லியம் எதற்கு? மணற்பள்ளம் எங்கே, புல்தரை எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஜி.பி.எஸ். போதும் என்பது என் கருத்து. ஓல்டு கோர்ஸின் 12-ஆவது குழியில் தொடக்க மேடையிலிருந்து பார்த்தால் மணற்பள்ளங்களே தெரியாது. அவை வரைபடத்தில் மட்டுமே தெரியும்.

அந்த ஊரில் இன்னொன்றும் உண்டு. வடகடலிலிருந்து ‘ஹார்’ எனப்படும் மூடுபனி திடீரென்று கரையேறி வந்துவிடும். அப்போது லேசர் ஒளி பனித்துளிகளில் பட்டுச் சிதறிப் பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறது. 20,200 கிலோமீட்டர் கடந்து வரும் ரேடியோ அலைகளுக்கு அந்த மூடுபனி ஒரு தடையே அல்ல.